தீசிஸில் "தத்துவ நிலைப்பாடு": வெறும் சடங்கா, உள்ளே சரக்கு உண்டா?

ஈரோட்டான்:

எல்லோருக்கும் வணக்கம். எம்பிஏ கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். பெரிய ஜவுளிக்கடைகளில் விற்பனைப் பிரிவில் சேருகிறவர்கள் ஒரு வருடம் ஆவதற்குள் ஏன் நின்றுவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. கேள்வித்தாள் கையில் இருக்கிறது. சில பேரிடம் உட்கார்ந்து பேசுவதாகவும் திட்டம்.

மூன்றாம் அத்தியாயத்தில் "இந்த ஆய்வு இன்டர்ப்ரெடிவிசத்தைப் பின்பற்றுகிறது" என்று ஒரு பத்தி வைத்திருந்தேன். அதாவது, மனிதர்கள் தங்களுக்கு நடப்பதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று தேடும் நிலைப்பாடு. எங்கள் துறையில் அந்தப் பத்தி இல்லாமல் தீசிஸ் வாங்கமாட்டார்கள். கைடு பக்கத்தின் ஓரத்தில் "அப்படியானால் அடுத்த பக்கத்தில் கருதுகோள் எதற்கு?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்திருக்கிறார். அளந்து சோதிக்கச் சொல்லும் பாசிடிவிசம், ரியலிசம், பிராக்மாட்டிசம் என்று மற்ற நிலைப்பாடுகள் எல்லாவற்றுக்கும் விளக்கம் படித்துவிட்டேன். மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் ஜவுளிக்கடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பிடிபடவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கணக்கன்:

தம்பி, "பிராக்மாட்டிசம்" என்று மாற்றிப் போடுங்கள். கேள்வித்தாளும் வைக்கலாம், நேர்காணலும் வைக்கலாம், கருதுகோளும் வைக்கலாம், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். நான் பார்த்தவரை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேட்பது மூன்றே கேள்வி: சாம்பிள் எத்தனை, கேள்வித்தாளின் நம்பகத்தன்மையைக் காட்டும் ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியதா, இதனால் நிறுவனத்துக்கு என்ன பயன். ஆய்வுத் தத்துவம் முதல் தரவு வரை அடுக்கடுக்காகக் காட்டும் சாண்டர்ஸ் பாடப்புத்தகத்து வெங்காயப் படத்தை ஒரு பக்கத்தில் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

முல்லைக்கொடி:

கணக்கன் அண்ணா, வைவாவில் பாஸாகும் வழியைச் சொல்லிவிட்டீர்கள். தம்பி கேட்டது அதை அல்ல என்று நினைக்கிறேன். நான் முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் எடுக்கிறேன். விளக்கங்களைப் படித்து இது யாருக்கும் புரிந்து நான் பார்த்ததில்லை. ஒரே சம்பவத்தை இரண்டு பேர் ஆராய்ந்து இரண்டு விதமாகச் சொன்ன கதையைப் படித்தால் புரியும். வணிக ஆய்வில் அதற்கு ஹோண்டாவை விட்டால் வேறு நல்ல கதை கிடையாது. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் அமெரிக்காவுக்கு இறக்குமதியான மோட்டார் சைக்கிள்களில் கிட்டத்தட்டப் பாதி பிரிட்டிஷ் வண்டிகள். 1966-இல் பார்த்தால் அமெரிக்கச் சந்தையில் 63 சதவீதம் ஹோண்டா என்ற ஒரே நிறுவனத்தின் கையில். பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் படுத்தேவிட்டது. என்னதான் நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று ஆராய பிரிட்டிஷ் அரசு பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் பொறுப்பைக் கொடுத்தது. 1975-இல் அறிக்கை வந்தது.

அறிக்கை எதையெல்லாம் எண்ணியது என்று பாருங்கள். ஒரு மாடலுக்கு எத்தனை வண்டி உற்பத்தி, ஒரு வண்டிக்கு என்ன செலவு, சந்தைப் பங்கு எவ்வளவு. மொத்த உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் செலவு 20 முதல் 30 சதவீதம் வரை குறையும் என்பது அந்த நிறுவனம் அறுபதுகளிலிருந்தே பேசிவந்த அனுபவ வளைவு. ஜப்பானியர்கள் உள்நாட்டில் சின்ன வண்டிகளைப் பெரும் எண்ணிக்கையில் செய்தார்கள், செலவைக் குறைத்தார்கள், அந்தப் பலத்தோடு அமெரிக்காவில் சிறிய வண்டிப் பிரிவில் நுழைந்து படிப்படியாகப் பெரிய வண்டிக்கு ஏறினார்கள். அறிக்கையிலிருந்து கிடைக்கும் சித்திரம் இது. படித்தால், பத்து வருடத்துக்கு முன்பே வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு வந்ததைப் போல இருக்கும்.

ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற ஆய்வாளர் 1982-இல் டோக்கியோ போனார். 1959-இல் அமெரிக்கச் சந்தைக்குள் ஹோண்டாவைக் கொண்டுபோன ஆறு அதிகாரிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, நடந்ததை நுணுக்கமாகச் சொல்லச் சொன்னார். 1984-இல் கட்டுரையாக வந்தது. அதில் உள்ள ஹோண்டாவை அறிக்கையில் தேடினால் கிடைக்காது.

ஜப்பானிய நிதி அமைச்சகம் மொத்தம் 2,50,000 டாலருக்குத்தான் அனுமதி கொடுத்தது, அதில் ரொக்கம் 1,10,000. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன அபார்ட்மென்டில் எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள், சிலருக்குத் தரைதான் படுக்கை. நம்பிப் போனது 250 சிசி, 305 சிசி பெரிய வண்டிகளை. அந்த வண்டிகளின் ஹேண்டில்பார் புத்தரின் புருவம் போல வளைந்திருக்கிறது, அதுவே நன்றாக விற்க வைக்கும் என்பது நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டாவின் நம்பிக்கை. அமெரிக்கர்கள் ஜப்பானில் ஓட்டுவதைவிட வேகமாக, வெகுதூரம் ஓட்டினார்கள். எண்ணெய் கசிந்தது, கிளட்ச் போனது. பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பிப் பரிசோதனைக்கூடத்தில் இரவுபகலாகச் சரிசெய்தார்கள்.

50 சிசி சூப்பர் கப்பை விற்க அவர்கள் முயலவே இல்லை. ஆண்மை பேசும் அந்தச் சந்தையில் சின்ன வண்டியைக் காட்டினால் பெயர் கெட்டுவிடும் என்று பயம். கடைகண்ணிக்குப் போய்வர மட்டும் அதை ஓட்டினார்கள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சியர்ஸ் என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு விசாரித்தார். பெரிய வண்டிகள் பழுதாகி நின்றபோது வேறு வழியில்லாமல்தான் சின்ன வண்டியை விற்பனைக்கு இறக்கினார்கள். அமெரிக்காவில் ஏதாவது விற்க முடிகிறதா என்று பார்க்கலாம் என்பதைத் தவிர உத்தி எதுவும் இல்லை என்று அந்தக் குழுவின் தலைவர் கவாஷிமாவே பாஸ்கேலிடம் சொல்கிறார்.

இப்போது தம்பிக்கு என் கேள்வி. இரண்டு பேரும் ஒரே நிறுவனத்தை, ஒரே காலகட்டத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவருக்கு வளைவு தெரிந்தது, இன்னொருவருக்கு எண்ணெய் கசிவு தெரிந்தது. இதில் எங்கே தத்துவம் இருக்கிறது?

ஈரோட்டான்:

மேடம், முதல் ஆள் எண்ணைப் பார்த்தார், இரண்டாம் ஆள் பேச்சைக் கேட்டார். அளவறி முறை, பண்பறி முறை. சரிதானே?

முல்லைக்கொடி:

அது கருவி மட்டும்தான் தம்பி. கருவிக்கு ஒரு படி கீழே போங்கள். "உத்தி" என்ற ஒன்று எங்கே இருக்கிறது? செலவு, எண்ணிக்கை, சந்தைப் பங்கு ஆகியவற்றின் அமைப்பில் இருக்கிறது, அதில் ஈடுபட்டவர்கள் மனதில் என்ன நினைத்தாலும் சரி என்றால் அது ஒரு உலகம். ஈடுபட்டவர்கள் தங்களுக்கு நடப்பதை எப்படிப் புரிந்துகொண்டு அடுத்த அடி வைத்தார்கள் என்பதில்தான் அது இருக்கிறது என்றால் அது வேறு உலகம். ஆன்டாலஜி என்று பயமுறுத்துவது இதைத்தான். எது இருப்பதாக எடுத்துக்கொள்கிறோமோ அதற்குத் தகுந்த சாட்சியைத்தான் தேடுவோம், அது எபிஸ்டெமாலஜி. அறிக்கை எழுதியவர்கள் கவாஷிமாவிடம் பேசியிருந்தாலும் எண்ணெய் கசிவு ஒரு அடிக்குறிப்பாகத்தான் போயிருக்கும். ஏனென்றால் அவர்களுடைய கேள்விக்கு அது விடையே அல்ல.

கணக்கன்:

மேடம், கதை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். 1959-இல் நடந்ததை 1982-இல் கேட்டால் என்ன சொல்வார்கள்? அதற்குள் ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்தவன் "ஐயோ, எங்களுக்கு ஒன்றுமே தெரியாதுங்க, தடுக்கி விழுந்தோம், காலடியில் புதையல்" என்று சொல்வது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே. அதிலும் ஜப்பானியர். ஆறு பேரையும் தலைமை அலுவலகத்திலேயே ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் ஒருத்தர் சொன்னதற்கு மாறாக இன்னொருத்தர் சொல்வாரா? எண்ணுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. 63 சதவீதம் என்றால் 63 சதவீதம்.

செங்கல்சூளை:

நான் கன்சல்டிங்கில் இருக்கிறவன், அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கையை எழுதிய குழுவில் இருந்த மைக்கேல் கூல்டு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். பாஸ்கேல் பக்கம் நின்ற மேலாண்மை அறிஞர் மின்ட்ஸ்பெர்க்கும் அவரும் மோதிக்கொண்ட விவாதம் 1996-இல் பாஸ்கேலின் கட்டுரை வந்த அதே கலிஃபோர்னியா மேனேஜ்மென்ட் ரிவ்யூவில் வெளியானது, தேடிப் படியுங்கள், சண்டை சுவாரசியமாக இருக்கும். கூல்டின் வாதம் எளிமையானது. பிரிட்டிஷ் அரசுக்குத் தேவைப்பட்டது இனி என்ன செய்வது என்பது. ஹோண்டா எந்த வழியாக அந்த இடத்துக்கு வந்தது என்ற வரலாறு அல்ல. போட்டியாளரின் செலவு நம்முடையதைவிட எவ்வளவோ குறைவு என்றால், அது திட்டமிட்டு வந்ததா தற்செயலாக வந்ததா என்பது முடிவை மாற்றாது.

இதற்கும் ஒரு தத்துவப் பரம்பரை உண்டு. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1953-இல் எழுதிய கட்டுரையில், ஒரு கோட்பாட்டின் அனுமானங்கள் நிஜத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காதே, அதன் கணிப்பு பலிக்கிறதா என்று பார் என்றார். வாடிக்கையாளர் கூட்டத்தில் நாங்கள் தினமும் செய்வது அதுதான், பெயர் தெரியாமல் செய்கிறோம்.

ஆனால் கணக்கன் சொன்ன "எண்ணுக்கு வெட்கமில்லை" என்பதை நான் ஏற்கமாட்டேன். எதை ஒரு சந்தை என்று கோடு போடுவது, எந்தச் செலவை எந்த மாடலின் தலையில் கட்டுவது என்று முடிவு செய்கிறவர்கள் மனிதர்கள். அந்த அறைக்குள் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழையபேப்பர்:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பாஸ்கேலா அறிக்கையா என்று ஏன் பட்டிமன்றம் நடத்துகிறீர்கள்? நடுவில் ஒரு தொழிற்சாலை நிற்கிறது, அதை யாரும் பார்க்கவில்லை.

சூப்பர் கப் ஜப்பானில் 1958-இல் வந்தது. 1959-இல் ஹோண்டா விற்ற 2,85,000 வண்டிகளில் 1,68,000 சூப்பர் கப். மாதத்துக்கு 30,000 சூப்பர் கப் செய்யக்கூடிய சுசுகா ஆலை 1960-இல் இயங்கத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸில் தரையில் படுத்திருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆலை அங்கே இருந்தது. குறைந்த செலவில் குவிக்கும் திறன் இருந்தது. ஆனால் அந்தத் திறன் அமெரிக்காவில் வேலை செய்ய ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. பெரிய வண்டி பழுதானது, சின்ன வண்டி தெருவில் கண்ணில் பட்டது, சியர்ஸ் ஆள் கூப்பிட்டார், பூட்டியிருந்த கதவு திறந்தது. ஆலை இல்லாமல் அந்த ஃபோன் மட்டும் வந்திருந்தால் சில நூறு வண்டி விற்று ஊர் திரும்பியிருப்பார்கள். ஃபோன் வராமல் ஆலை மட்டும் இருந்திருந்தால் ஜப்பானிலேயே விற்றுக்கொண்டிருந்திருப்பார்கள்.

தத்துவ அறிஞர் ராய் பாஸ்கர் 1975-இல் போட்ட அஸ்திவாரத்தின் மேல் எழுந்த கிரிட்டிகல் ரியலிசம் சொல்வது இதுதான். நமக்கு அனுபவமாகத் தெரிவது ஒரு அடுக்கு. நமக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நடக்கும் நிகழ்வுகள் அடுத்த அடுக்கு. அந்த நிகழ்வுகளை உண்டாக்கக்கூடிய இயங்குமுறைகள் அதற்கும் கீழே. இயங்குமுறை எப்போதும் இருக்கும், சூழல் அமைந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே "அ கூடினால் ஆ கூடும்" என்ற விதியைத் தேடாதே, எந்தச் சூழலில் எது எதைத் தூண்டியது என்று தேடு.

ஆண்ட்ரூ மேர் என்ற ஆய்வாளர் 1999-இல் ஹோண்டா பற்றிய இந்த எழுத்துகளையெல்லாம் எடுத்துவைத்துப் பார்த்து, ஆளாளுக்குத் தங்கள் கட்சிக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கியிருக்கிறார்கள் என்று காட்டினார். என் கட்சியும் அதில் சேர்த்திதான், மறுக்கவில்லை.

கணக்கன்:

ஃபோன் வராவிட்டால் ஜப்பானிலேயே இருந்திருப்பார்கள் என்று எப்படித் தெரியும்? நடக்காத ஒன்றை வைத்து நடந்ததை நிரூபிக்கிறீர்கள். கருதுகோள் என்றால் அது தவறு என்று காட்ட ஒரு வழி இருக்கவேண்டும் என்று அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-லேயே சொல்லிவிட்டார். உங்கள் இயங்குமுறை வேலை செய்தால் "பார், இருக்கிறது" என்பீர்கள், செய்யாவிட்டால் "சூழல் அமையவில்லை" என்பீர்கள். நல்ல வசதி.

பழையபேப்பர்:

நியாயமான அடி. அதனால்தான் ஒற்றை உதாரணத்தோடு நிறுத்தக்கூடாது. அதே செலவுத் திறன் இருந்தும் நுழைய முடியாத சந்தை எது, ஏன் என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். எம்பிஏ தீசிஸில் அதற்கு நேரம் இருக்காது என்பது வேறு விஷயம்.

ஈரோட்டான்:

ஹோண்டா புரிந்துவிட்டது. என் ஜவுளிக்கடைக்கு வாருங்களேன் 🙂 கேள்வித்தாளில் "என் பணியிடச் சூழல் எனக்குத் திருப்தி அளிக்கிறது" என்பதற்கு 1 முதல் 5 வரை லிக்கர்ட் அளவுகோல், 1 என்றால் சுத்தமாக ஒப்பவில்லை, 5 என்றால் முழுக்க ஒப்புகிறேன். "ஆறு மாதத்தில் வேலையை விடும் எண்ணம் உண்டு" என்பதற்கும் அப்படியே. இரண்டுக்கும் எதிர்மறைத் தொடர்பு இருக்கும் என்பது என் முதல் கருதுகோள்.

முல்லைக்கொடி:

கேள்வித்தாளை யார் கொடுத்து யார் வாங்குவார்கள்?

ஈரோட்டான்:

கடையின் ஃப்ளோர் சூப்பர்வைசர். இடைவேளையில் கொடுத்து வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

முல்லைக்கொடி:

அப்படியானால் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கும் ஒரு பெண், சூப்பர்வைசர் கையில் திரும்பப் போகப்போகும் தாளில் 4 என்று வட்டமிடுகிறாள். அந்த 4 என்பது என்ன? அவள் மனதில் உள்ள திருப்தியின் அளவு என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் பாசிடிவிஸ்ட், அளவீட்டில் பிழை இருக்கிறது, தாளை உறையில் போட்டு நேரடியாக வாங்கிப் பிழையைக் குறையுங்கள். அந்த 4 என்பதே சூப்பர்வைசருக்கு அவள் சொல்லும் பதில், ஒரு சமூகச் செயல் என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் வேறு பக்கம். அப்போது பிழை என்று ஒன்று இல்லை, அந்த 4-தான் உங்கள் தரவு. அவள் ஏன் அப்படி வட்டமிட்டாள் என்று விசாரிக்கவேண்டும். கைடு ஓரத்தில் கேட்டது இந்த இரண்டில் நீங்கள் யார் என்பதை.

செங்கல்சூளை:

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறதே. தலைப்பு "ஏன் நின்றார்கள்". கேள்வித்தாள் போவது நிற்காமல் இன்னும் வேலையில் இருக்கிறவர்களுக்கு. விடும் எண்ணமும் விட்டதும் ஒன்றா? எண்ணம் இருந்தும் விடாதவர்கள் உண்டு, எண்ணமே இல்லாமல் ஒரு நாள் ஊரிலிருந்து ஃபோன் வந்து கிளம்பியவர்களும் உண்டு. எண்ணத்தை அளந்துவிட்டு நிகழ்வைப் பற்றி முடிவு எழுதப்போகிறீர்கள்.

பழையபேப்பர்:

என் பக்கத்திலிருந்து பார்த்தால்: தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. உங்கள் கேள்வித்தாளில் ஸ்டூல் பற்றி ஒரு கேள்வியாவது இருக்கிறதா? ஸ்டூல் இருக்கிறதா, இருந்தால் அதில் உட்கார முடிகிறதா என்பது யாருடைய மனதிலும் இல்லை, கடையின் தரையில் இருக்கிறது. ஒரே சட்டம், ஒரே சம்பளம், ஒரு கடையில் ஆள் தங்குகிறார்கள், இன்னொன்றில் தங்கவில்லை என்றால் அங்கேதான் தோண்டவேண்டும்.

கணக்கன்:

ஸ்டூல் விஷயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணிவிடலாம்.

நுணுக்கன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒருவரும் மேலாண்மைப் பேராசிரியர் சுமந்த்ர கோஷல் பெயரை எடுக்கவில்லையே. அவர் மறைந்த பிறகு 2005-இல் வந்த கட்டுரையில், மோசமான மேலாண்மைக் கோட்பாடுகள் நல்ல நடைமுறையைக் கெடுக்கின்றன என்று எழுதியிருந்தார். இயற்பியல் கோட்பாடு தவறாக இருந்தாலும் கிரகங்கள் தங்கள் பாதையில்தான் போகும். மனிதன் சுயநலக்காரன், கண்காணிக்காவிட்டால் ஏமாற்றுவான் என்ற கோட்பாட்டை வகுப்பறையில் சொல்லிக்கொடுத்தால், அதைப் படித்துவிட்டு வரும் மேலாளர் கேமரா வைப்பார். கேமரா வைத்த இடத்தில் ஆட்கள் கேமராவுக்காக வேலை செய்வார்கள். பிறகு இன்னொரு எம்பிஏ மாணவர் அங்கே போய் அளந்து கோட்பாடு சரி என்று எழுதுவார். தம்பியின் தீசிஸை எந்தக் கடை முதலாளியாவது படித்து, "விடும் எண்ணம்" அதிகம் உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து அனுப்பிவிட்டால் என்ன செய்வது? ஆய்வுத் தத்துவத்தில் மதிப்பீடுகள் பற்றி ஒரு பகுதி வருமே, அதை எல்லோரும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

செங்கல்சூளை:

கற்பனையாகச் சொல்லவேண்டியதில்லை. அந்த மாதிரிப் பட்டியல் தயாரித்துத் தரச்சொல்லி எங்களிடமே கேட்கிறார்கள்.

ஈரோட்டான்:

அப்படியானால் கேள்வித்தாளில் பெயர் கேட்கும் வரியை எடுத்துவிடுகிறேன். ஒரு கடைசிச் சந்தேகம். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் கலந்து செய்யலாமா? கணக்கன் அண்ணா முதலில் சொன்ன பிராக்மாட்டிசம் அதுதானே?

முல்லைக்கொடி:

கலக்கலாமா என்பதில் பெரிய சண்டையே உண்டு. பர்ரல், மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979-இல் நிறுவன ஆய்வுகளை நான்கு பாரடைம்களாக, அதாவது அடிப்படைப் பார்வைகளாக, பிரித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டில் நிற்க முடியாது என்பது அவர்கள் நிலை. பிராக்மாட்டிஸ்ட் முடியும் என்பார், ஆனால் அவரும் "எது வசதியோ அது" என்று சொல்லவில்லை. யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்க இந்த அறிவு என்று முதலில் சொல்லிவிட்டு, அது தீர்ந்ததா என்பதை வைத்துத் தன்னைச் சோதித்துக்கொள்வார். முதலாளியின் சிக்கலா, நிற்கிற பெண்ணின் சிக்கலா என்று நீங்கள் எழுதவேண்டியிருக்கும். அதை எழுதாமல் பிராக்மாட்டிசம் என்று போட்டால் அது தத்துவம் இல்லை, தப்பித்தல்.

என்னைக் கேட்டால் தலைப்பைக் கொஞ்சம் நகர்த்துங்கள். வேலையை விட்டவர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள், கடைக்கு வெளியே, அவர்கள் ஊரில். அவர்கள் எதை எதனால் என்று சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அதிலிருந்து வருவதை வைத்துக் கேள்வித்தாளைத் திருத்தி, பிறகு எண்ணுங்கள். கருதுகோள் அப்போது வரட்டும். இந்த வரிசையை ஏன் வைத்தீர்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினால் அதுதான் உங்கள் தத்துவ நிலைப்பாடு. விளக்கங்கள் எதையும் நகலெடுக்கத் தேவையில்லை.

கணக்கன்:

சரி மேடம். ஆனால் விட்டவர்களும் கதைதான் சொல்வார்கள். "சம்பளம் பத்தலை" என்பார்கள், உள்ளே வேறு ஏதாவது இருக்கும். ஹோண்டாவின் ஆறு பேர் விஷயத்தில் நான் சொன்ன அதே குறை இங்கேயும் உண்டு.

பழையபேப்பர்:

அதனால் வேலையில் இருந்தபோது எழுதப்பட்ட ஏதாவது கிடைக்கிறதா பாருங்கள் தம்பி. வருகைப் பதிவேடு, விடுப்புச் சீட்டு, ஹாஸ்டல் பதிவேடு. வேலையை விட்ட மாதங்களைக் குறித்து வையுங்கள். தீபாவளி போனஸ் வாங்கிய அடுத்த மாதம் கூட்டமாகப் போயிருந்தால், அவர்கள் வாயால் சொல்லாத ஒன்றை அந்தத் தேதி சொல்லும்.

ஈரோட்டான்:

பதிவேட்டைக் கடையில் காட்டமாட்டார்கள். ஹாஸ்டல் வார்டன் அக்கா எங்கள் ஊர்க்காரர், பெயர்களை மறைத்துவிட்டுத் தேதியை மட்டும் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். துறையில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவரச் சொல்கிறார். அந்தக் கடிதத்தில் ஆய்வின் நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது?

நுணுக்கன்:

அந்தக் கடிதத்தைக் கடை முதலாளி படித்தாலும், வேலையை விட்ட பெண் படித்தாலும் ஒரே மாதிரி இருக்கும்படி எழுதுங்கள். வரைவை இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.